அவர் ‘யெஸ்’ என்றார்

நான் ஒரு போலீஸ்காரரின் வேலையைப் பறித்தேன். பொய் சொல்லிப் பறிக்கவில்லை... உண்மையை எழுதிப் பறித்தேன். முதலிலேயே சொல்லிவிட்டேன். மேற்கொண்டு படிப்பதும் படிக்காததும் உங்கள் விருப்பம்.

துபாயில் எனக்கு என்ன வேலை தெரியுமா? ஆஸ்திரேலியப் போலீஸ்காரர்களுக்கு வருமான வரிக் கணக்கு எழுதுவது. அங்கே ஒரு நிறுவனம் ஆள் பிடிக்கிறது. இங்கே நாங்கள் எழுதிக் கொடுக்கிறோம். சம்பளத்தில் ஒரு திர்ஹம்கூட வரி கட்டாத ஊரில் உட்கார்ந்துகொண்டு, எவனோ பூட்ஸ் வாங்கியதில் எவ்வளவு கழியும், சீருடை துவைத்ததில் எவ்வளவு கழியும் என்று... ஒன்பது வருடமாக! சலித்துப் போய்விட்டது ஐயா.

விதி சுலபமானது. வேலைக்காகப் போலீஸ்காரர் கைக்காசைச் செலவழித்தால் அதை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். இலாகா அந்தப் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டால் கழிக்கக் கூடாது. அதைப் போனில் கேட்டுத் தெரிந்துகொள்வது என் பொறுப்பு.

நான் சொன்ன அந்தப் போலீஸ்காரரைப் பார்த்ததில்லை. குரல் மட்டும் தெரியும், நிதானமான குரல். வேலைக்காக ஒரு படிப்புப் படித்திருந்தார். கட்டணம் கொஞ்சநஞ்சமல்ல.

“டிபார்ட்மென்ட் டிட் நாட் பே பேக், சார்?” என்று கேட்டேன்.

“யெஸ்” என்றார்.

நம் காதுக்கு அது எப்படி விழும்? ‘திருப்பித் தரலையா?’ ‘ஆமா.’ தரவில்லை என்றுதானே பொருள்! முழுத் தொகையையும் கழித்துவிட்டேன். எங்களை நம்பி அவரும் கையெழுத்துப் போட்டார்.

மறு வருடம் வரி அலுவலகம் தோண்டியது. இலாகா அந்தக் கட்டணத்தை எப்போதோ திருப்பித் தந்திருந்தது. சாதாரண ஆள் என்றால் அபராதத்தோடு போயிருக்கும். பொய்க் கணக்குக் காட்டிய போலீஸ்காரன் நாளைக்குக் கோர்ட்டில் சாட்சி சொன்னால் எவன் நம்புவான்? போலீஸ் இலாகாவே அவர்மேல் விசாரணை வைத்துவிட்டது. ‘பணம் வந்துவிட்டதென்று போனிலேயே சொன்னேனே’ என்பது மட்டுமே அவர் தரப்பு.

எங்கள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அவரும் நம்மூர்க்காரர்தான்.

“நீ கேட்டப்ப அந்தாளு என்னப்பா சொன்னாரு?”

“யெஸ்னாரு சார்.”

“அப்புறமென்ன? நாளைக்குக் காலையில விசாரணைக்கு அத எழுதிக் குடு, கலாஸ், முடிஞ்சுது. நம்ம தப்புன்னு ஆச்சுன்னா காண்ட்ராக்ட் போயிரும். அப்புறம் உனக்கும் விசா மாஃபி, எனக்கும் விசா இல்ல.”

அந்த நிமிடம் வரைக்கும் நான் நிரபராதி. நம்புங்கள்!

அன்று மாலை சத்வாவில் எங்கள் அறைக்குப் போனேன். நாலாம் வகுப்புப் படிக்கும் மகள் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள்.

“ஹோம்வொர்க் முடிக்கலையா?”

“யெஸ்ப்பா.”

“முடிக்காம உக்காந்துட்டு திமிரா யெஸ்ங்கிறியா?” ரிமோட்டைப் பிடுங்கிக் கத்தினேன்.

“யெஸ்னா முடிச்சிட்டேன்னு அர்த்தம்ப்பா! முடிக்கலைன்னா நோன்னு சொல்லியிருப்பேன்ல!” அழுதுகொண்டே நோட்டை விரித்துக் காட்டினாள். எல்லாவற்றையும் முடித்திருந்தாள்.

ரிமோட்டை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். அந்த மனிதரும் இதைத்தானே சொன்னார்... பணம் வந்துவிட்டது என்றுதானே சொன்னார்!

ஆக, மறுநாள் காலையில் எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். தெரிந்துதான் எழுதினேன்: ‘கழிவு குறித்து வாடிக்கையாளரிடம் போனில் கேட்டேன். அவர் யெஸ் என்றார்.’ கேள்வியை எப்படிக் கேட்டேன் என்பதை மட்டும் எழுதவில்லை. ஒரு சொல்கூடப் பொய்யில்லை பாருங்கள்!

ஏன் எழுதினாய் என்கிறீர்களா? விசா, மகளின் பள்ளிக்கூடம், ஊரில் போய் நிற்க எனக்கு ஒரு வேலை இல்லாதது... இப்படி அடுக்கலாம். உண்மையைச் சொல்லியிருந்தால் வேலை போயிருக்குமா? ஒருவேளை நாலு திட்டோடு முடிந்திருக்கும். எனக்குத் தெரியாது. சொல்லிப் பார்க்கவே இல்லையே!

மூன்று வாரம் கழித்து எனக்கு அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. விசாரணை முடியும் முன்பே ராஜினாமா செய்துவிட்டாராம். கீழே இப்படி எழுதியிருந்தார்: ‘நான் யெஸ் என்றதாக நீங்கள் குறித்து வைத்திருக்கிறீர்கள். அப்படியானால் நான்தான் தப்பாகச் சொல்லியிருப்பேன். அன்று தொடர்ந்து இரண்டு ஷிஃப்ட் பார்த்த களைப்பு. உங்களை இதில் இழுத்துவிட்டதற்கு மன்னியுங்கள்.’

படித்தீர்களா? தன் வாயால் சரியாகச் சொன்னதையே அந்த மனிதர் சந்தேகப்படுகிறார். சந்தேகப்பட்டு, என்னிடம் மன்னிப்பும் கேட்கிறார்!

பதில் அனுப்பினேன்.

‘பரவாயில்லை சார்’ என்று.