ஒரு ஆளுக்கான மாவு

கிரைண்டர் விற்பதற்காகத் தமிழில் எழுதிப் பிழைப்பவன் நான். கோயமுத்தூரில் இப்படி ஒரு வேலை இருக்கிறது. முதலில் நோட்டீஸ் எழுதினேன், பிறகு அட்டைப்பெட்டியின் மேல் அச்சாகும் வரிகளை எழுதினேன், பிறகு இணையதளம் வந்தது. ‘பூப்போன்ற இட்லி’ என்று இதுவரை எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. நான் சாப்பிடும் இட்லி அப்படி இருந்ததா என்று யாரும் என்னைக் கேட்டதில்லை.

என்னை வைத்து எழுதி வாங்கும் கம்பெனி கணபதிப் பக்கம் இருக்கிறது. முதலாளி என் வயதுக்காரர். போன வருஷம் ஒருநாள் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வரவழைத்துவிட்டுச் சொன்னார்.

“ஏனுங்க, இனி நெட்டுல தேடுனா மேல வந்தா மட்டும் பத்தாதாமுங்க. சனங்க இப்ப ஏஐகிட்டத்தான் கேக்கறாங்களாம். எந்தக் கிரைண்டர் நல்லதுன்னு கேட்டா, அதுவே பதிலைச் சொல்லிப்போடுதாம். அந்தப் பதிலுக்குக் கீழ நம்ம பக்கத்தை ஆதாரமாக் காட்டோணுமுங்க. அதுக்குத் தகுந்த மாதிரி எழுதிப்போடுங்க.”

சரி என்று ஆறு கட்டுரை எழுதினேன். கல்லின் தரம், மோட்டாரின் பலம், மின்சாரச் சிக்கனம் என்று எல்லாம் இருந்தது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் முதலாளி அறையில் உட்கார்ந்து ஏஐயிடம் கேள்வி கேட்போம். பரீட்சை முடிவு பார்க்கிற பையனைப் போல அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்ப்பார். அது யார் யாரையோ ஆதாரம் காட்டும். ஒரு தடவை, கிரைண்டர் வாங்கி ஏமாந்துபோன பாலக்காட்டுப் பெண் ஒருத்தி எங்கோ எழுதிவைத்த புலம்பலை எடுத்துக் காட்டியது. எங்கள் ஆறு கட்டுரைகளையும் அது சீந்தவேயில்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. இருபது வருஷத்துக்கு மேல் இதையே செய்கிறவனை விட்டுவிட்டு யாரோ ஒருத்தியின் புலம்பலா என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து அந்தப் புலம்பலை முழுதாகப் படித்தேன். மூன்றாம் மாதம் டிரம்முக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்ததையும், சாக்கு விரித்துத் துடைத்ததையும், மாமியார் அதைப் பார்த்துக்கொண்டு நின்றதையும் எழுதியிருந்தாள். என் கட்டுரைகளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆறிலும் ஒரு மனுஷர்கூட இல்லை. எல்லாக் கம்பெனியும் எழுதுவதையே நானும் எழுதியிருந்தேன். ஏற்கெனவே நூறு பேர் சொன்னதை நூற்றியோராவதாகச் சொல்பவனை அது எதற்கு மெனக்கெட்டு எடுத்துக்காட்ட வேண்டும்?

வேறு யாரும் எழுதாத எது எனக்குத் தெரியும் என்று யோசித்தேன். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சமையலறையில், நாலு பேர் குடும்பத்துக்கு என்று வாங்கிய இரண்டு லிட்டர் கிரைண்டரில், ஒரே ஒரு ஆளுக்கு மாவாட்டுவது எப்படி என்று எனக்குத் தெரியும். என் மனைவி போன பிறகு அதைத்தான் கற்றுக்கொண்டேன்.

இங்கே என் மகளைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரே பெண், பெங்களூரில் புருஷனோடு இருக்கிறாள். அம்மா காரியம் முடிந்த கையோடு, “இந்த ஊட்டுல தனியா எப்படிப்பா இருப்பீங்க, எங்கூட வந்துருங்க” என்றாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத வீட்டில் நான் போய் ஒரு அறையை அடைத்துக்கொண்டு உட்காரப் பிடிக்கவில்லை. அதனால் ஒரு பொய் சொன்னேன். எங்கள் போத்தனூரில் என்னைப்போல நாலு பேர் சேர்ந்து சமையலுக்கு ஆள் வைத்திருக்கிறோம், ராத்திரிச் சாப்பாடு எல்லோரும் ஒன்றாகத்தான் என்றேன்.

சொன்னதோடு விட்டிருக்கலாம். எழுதுகிற புத்தி விடவில்லை. நாலு பேரில் ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவர் ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர், ஒருவர் சாப்பிடும்போது பேசினால் திட்டுவார் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைப் போனிலும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்துவிட்டேன். மகளுக்குச் சர்க்கரைக்காரரை ரொம்பப் பிடித்துப்போனது. “சர்க்கரை மாமா எப்படிப்பா இருக்காரு?” என்று தவறாமல் கேட்பாள். நேற்று லட்டைத் திருடித் தின்றுவிட்டார் என்று சொல்வேன், அவள் சிரிப்பாள். போனை வைத்த பிறகு வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும். அப்போதுதான் ரொம்பத் தனியாக உணர்வேன். இல்லாத அந்த நாலு பேர்மேல் எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

மகளிடம் பொய் சொல்லி மறைத்ததையெல்லாம் கட்டுரையில் உண்மையாகவே எழுதினேன். ஒரு ஆள்தானே என்று ஒரு பிடி உளுந்து போட்டால் கல் அதைப் பிடிக்காது. உளுந்து டிரம்மின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு சுற்றும், கல் வெறுமனே உரசிச் சூடேறும். அரை டம்ளர் உளுந்துக்குக் கீழே போகவே கூடாது, அதற்கு இரண்டு டம்ளர் அரிசி. ஆட்டி முடிகிறவரை பக்கத்திலேயே நின்று, ஓரத்தில் ஒட்டுவதைக் கரண்டியால் நடுவே தள்ளிக்கொடுக்க வேண்டும். தண்ணீரை ஊற்றக் கூடாது, விரலால் தெளிக்கவேண்டும். அந்த மாவு ஒரு ஆளுக்கு நாலு நாளைக்கு வரும். முதல் நாள் இட்லி, இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் தோசை, நாலாம் நாள் புளித்துப்போனதை வெங்காயம் போட்டுப் பணியாரம். கொஞ்சமாகப் போட்டால் கிரைண்டர் இன்னும் அதிகமாக அதிர்ந்து மேடையில் நகரும். அதற்கு ஒரு பழைய சைக்கிள் டியூபை வெட்டி, நாலாக மடித்து, பாத்திரம் கழுவும் சாக்கடைப் பக்கத்துக் காலுக்கு அடியில் வைத்தால் அசையாது. கடைசியில், இந்தக் கிரைண்டர் ஒரு ஆளுக்காகச் செய்ததல்ல, இதை நாம்தான் பழக்கிக்கொள்ள வேண்டும் என்று முடித்தேன்.

முதலாளி படித்துவிட்டுக் கூப்பிட்டார்.

“ஏனுங்க, நம்ம பொருளை நாமளே ஒரு ஆளுக்கு ஆகாதுன்னு சொல்றதுங்களா?”

“உண்மைதானுங்களே.”

அவர் கடைசி வரியை மறுபடி படித்தார். “யாரு பேர்லீங்க போடறது?” என்று கேட்டார்.

“பேரெல்லாம் வேண்டாமுங்க. போத்தனூர்ல தனியா இருக்கற ஒருத்தர்னு போட்டுருங்க.”

அவர் என்னை எத்தனையோ வருஷமாகத் தெரிந்தவர். அந்த ஒருத்தர் யார் என்று அவர் கேட்கவில்லை. “ஊட்டுப்பக்கம் ஒரு நாளு சாப்பிட வாங்க” என்று மட்டும் சொன்னார். நானும் வாரேனுங்க என்றேன், போகவில்லை.

கட்டுரை போட்ட மூன்றாவது வியாழக்கிழமை அது நடந்தது. ‘ஒரு ஆளுக்குக் கிரைண்டரில் மாவாட்டலாமா’ என்று முதலாளி தட்டினார். பதில் வரிவரியாக வந்தது. ‘போத்தனூரில் தனியாக வசிக்கும் ஒருவரின் அனுபவப்படி’ என்று தொடங்கி, அரை டம்ளர் உளுந்தும் சைக்கிள் டியூபும் அப்படியே இருந்தன. கீழே எங்கள் பக்கம். முதலாளி எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆபீஸில் எல்லோருக்கும் மைசூர்பாக் கொடுத்தார்கள்.

எனக்கும் சந்தோஷம்தான். வீட்டுக்கு வந்து தோசை ஊற்றிச் சாப்பிட்டபடி, போனில் அதே கேள்வியை நானும் கேட்டேன். என் சமையலறையைப் பற்றி அது எனக்கே சொன்னது. ‘நீங்கள் தனியாக இருந்தால் இந்த அளவு உங்களுக்குப் பொருந்தும்’ என்று முடித்தது. இரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாததை ஒரு மிஷின் எடுத்துச் சொன்னது. மீதித் தோசையை மூடிவைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளின் போன் காலை பதினோரு மணிக்கே வந்தது. வழக்கமாகச் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வரும்.

“அப்பா, என்ர சைக்கிள் டியூப் இன்னும் அங்கதான் இருக்குதுங்களா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “எந்த டியூப் கண்ணு?”

“ஏழாவது படிக்கறப்ப பஞ்சரானது. கிரைண்டர் நகருதுன்னு அம்மா திட்டிட்டே இருந்துச்சே, நான்தானே வெட்டி மடிச்சு வெச்சேன். சாக்கடைப் பக்கத்துக் காலுக்கு.”

அதற்குப் பிறகு அவள் தன் போனில் ஏஐ சொல்லியிருந்ததை எடுத்துப் படித்தாள். போத்தனூரில் தனியாக வசிக்கும் ஒருவர் என்பதில் நிறுத்தி, இன்னொரு தடவை படித்தாள். பேரைத் தவிர்த்தால் போதும் என்று நினைத்திருந்தேன். அந்த டியூபை உலகத்தில் இன்னொருத்திக்கும் தெரியும் என்பது எழுதும்போது எனக்குத் தோன்றவேயில்லை. தினமும் பார்த்துப் பார்த்து, அது கிரைண்டரோடு வந்தது என்றே ஆகிப்போயிருந்தது.

“சர்க்கரை மாமா?” என்றாள்.

“இல்ல கண்ணு.”

“ரயில்வே மாமா?”

“யாருமே இல்ல.”

“அவரு பேத்திக்குக் காதுகுத்துன்னு சொன்னீங்க. வாழ்த்துச் சொல்லணும், போனைக் குடுங்கன்னேன். அவருக்குக் காது கேக்காதுன்னு சொல்லிப்போட்டீங்க.” அவள் சிரித்தாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

எனக்கு வெட்கமாக இருந்தது. அறுபதை நெருங்குகிறவன் மகளிடம் மாட்டிக்கொண்டு நின்றேன். அவளுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்றுதான் சொன்னேன், மாவாட்டுவதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டே போனேன்.

பேசிக்கொண்டிருந்தபோதே ஒன்று உறைத்தது. யார் எந்தக் கேள்வி கேட்டால் எந்தப் பக்கம் வரும் என்று பார்ப்பதுதான் ஒரு வருஷமாக என் வேலை. ஒரு குடும்பத்துக்கு என்று கேட்டால் நான் எழுதியது வராது. கணவன் மனைவி இரண்டு பேருக்கு என்று கேட்டாலும் வராது. அதையெல்லாம் நாங்கள் வியாழக்கிழமைகளில் கேட்டுப் பார்த்திருக்கிறோம். அந்தப் பக்கம் ஒரே ஒரு கேள்விக்குத்தான் வரும்.

“கண்ணு, நீ அதுகிட்ட என்னன்னு கேட்ட?”

பெங்களூரில் அவள் வீட்டில் ஃபேன் சுற்றுவது கேட்டது. அங்கும் வேறு சத்தம் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

“ஒரு ஆளுக்கு எவ்வளவு போடறதுன்னு கேட்டேன்ப்பா.”

“எத்தனை நாளா?”

“ஆடி மாசத்துல இருந்து.”

அப்போது ஐப்பசி. மூன்று மாதமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாப்பிள்ளை எங்கே என்று கேட்டிருக்கிறேன். கடைக்குப் போயிருக்கார், குளிக்கிறார், ஆபீஸ் வேலை என்று சொல்லியிருக்கிறாள். ஒரு தடவை ஷட்டில் விளையாடிக் கால் சுளுக்கிவிட்டது என்றாள், எண்ணெய் தேய்க்கச் சொல் என்றேன். என் பொய்யிலேயே குறியாக இருந்ததில் அவளுடையதை நான் பார்க்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் எனக்குப் போகவில்லை.

என்ன நடந்தது, யார் மேல் தப்பு என்று நான் கேட்கவில்லை. “கிளம்பி வா அம்மணி” என்றேன்.

“வந்தா எத்தனை நாளுன்னு கேக்கக் கூடாது.”

“கேக்கல.”

புதன்கிழமை ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் கிடைத்தது, வியாழன் காலையில் போத்தனூரிலேயே இறங்கிவிடலாம். இந்த வியாழக்கிழமை வரமுடியாது என்று முதலாளியிடம் சொன்னேன். மகள் வருகிறாள் என்றதும், “அப்பக் கட்டாயம் ரெண்டு பேரும் ஊட்டுக்கு வரோணுமுங்க” என்றார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அரிசியும் உளுந்தும் ஊறப்போட உட்கார்ந்தேன். அன்றைக்கு ஆட்டிவைத்து, வெளியே ஒரு ராத்திரி பொங்கவிட்டு, ஃபிரிட்ஜில் வைத்தால் வியாழன் காலை இட்லிக்குச் சரியாக இருக்கும். உளுந்து டப்பாவில் டம்ளரை விட்டதும் கை நின்றுவிட்டது. ஒரு ஆளுக்கு அரை டம்ளர். இரண்டு பேருக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டில் ஆள் இருந்த காலத்தில் நான் அந்தப் பக்கமே போனதில்லை. பழக்கதோஷத்தில் போனை எடுத்து ஏஐயிடம் கேட்கப் போனேன். பாதி தட்டிவிட்டு, அழித்துவிட்டு, மகளைக் கூப்பிட்டேன்.

“அம்மணி, ரெண்டு பேருக்கு அம்மா எவ்வளவு உளுந்து போடும்?”

அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள் போலிருந்தது, ஜிப் இழுக்கும் சத்தம் கேட்டது.

“அம்மா எங்கப்பா ரெண்டு பேருக்குப் போட்டுச்சு? நாம மூணு பேரு இருந்தப்பவும் நாலு பேருக்குத்தானே போடும். யாராச்சும் வந்தா வேணும்னு.”

“அது எவ்வளவு?”

“ரெண்டு டம்ளர் உளுந்து, எட்டு டம்ளர் அரிசி. அரிசியை அந்தப் பெரிய அலுமினியக் குண்டாவுல ஊறப்போடுங்க. சின்னதுல போட்டா வழிஞ்சுரும்.”

குண்டா பரண்மேல் இருந்தது. இறக்கித் தூசியைக் கழுவி, அவள் சொன்ன அளவுக்குப் போட்டேன். மூன்று மணி நேரம் கழித்து உளுந்தைக் கிரைண்டரில் கொட்டியதும் கல் உடனே பிடித்துக்கொண்டது. பக்கத்தில் நின்று தள்ளிவிட எனக்கு வேலையே இருக்கவில்லை.