மாமனார் பெயரில் ஒரு கோப்பு

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஆபீசில் கோப்புகளுக்குப் பெயர் வைப்பது என் பொறுப்பு. எந்த வண்டி, எந்த மாநிலம், எந்த மாதம் என்று வரிசை மாறாமல் இருக்க வேண்டும். 'பில் புதுசு கடைசி' என்று எவனாவது பெயர் வைத்து அனுப்பினால் அன்றைக்கு நான் சாமியாடிவிடுவேன். அவனுக்கு மதியச் சோறு இறங்காது.

அப்படிப்பட்ட என் கையில் அத்தையின் டேப்லெட் சிக்கியது. அத்தை என்றால் என் கணவரின் அம்மா. கண்ணில் புரை விழுந்த பிறகு அச்சுப் புத்தகம் படிக்க முடியவில்லை. டேப்லெட்டில் எழுத்தைப் பலாக்கொட்டை அளவுக்குப் பெரிதாக்கி நாவல் நாவலாகப் படித்துத் தள்ளுவார். அடுப்பில் பருப்பு தீய்ந்தாலும் தெரியாது. "கல்யாணம் ஆன நாள்ல இருந்து எம்பட மூஞ்சிய இத்தனை நேரம் பாத்திருப்பாளா?" என்று மாமனார் பொருமுவார்.

உள்ளே திறந்து பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'ஸ்கேன் நியூ', 'ஸ்கேன் நியூ காப்பி', 'இதுதான் சரியானது'. அட கருமமே, இப்படியா புத்தகத்துக்குப் பெயர் வைப்பார்கள்? மின்னூல்களை அடுக்குவதற்கென்றே மென்பொருள் இருக்கிறது. ஒவ்வொரு நூலுக்கும் எழுதியவர், பாகம், தலைப்பு என்று விவரங்களை நிரப்பிவிட்டு, பெயர் எந்த வரிசையில் அமைய வேண்டும் என்று ஒரு டெம்ப்ளேட் கொடுத்தால் போதும், எல்லாக் கோப்பும் தானாகப் பெயர் மாறிக்கொள்ளும். எழுதியவர் பெயர் முதலில், பிறகு பாகம், பிறகு தலைப்பு என்று கொடுத்தேன். அத்தனையும் வரிசையில் வந்து நின்றன. எனக்கே என் மேல் கண் பட்டுவிடும் போலிருந்தது.

அத்தை அப்போது ஒரு நீண்ட நாவலில் கடைசிப் பாகத்துக்கு வந்திருந்தார். சேலத்தில் கண் ஆபரேசனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. முடிந்த பிறகு கொஞ்ச நாள் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அத்தையின் பயம் வேறு. "கண்ணு தெரியாமயே போயிருச்சுன்னா, கதையில வர்ற அந்தப் புள்ள ஊடு திரும்புனாளா இல்லியான்னு தெரிஞ்சுக்காமயே போயிருவனே சாமி" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஆபரேசனுக்கு முந்தின நாள் நான் ஆத்தூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். அத்தை போனில் கூப்பிட்டார்.

"எல்லாம் ஒரே மாதிரி தெரியுது சாமி. கடைசிப் பாகத்தக் காணோம்."

எழுத்தைப் பெரிதாக்கியதில் பெயரின் முன்பாதிதான் திரையில் தெரிகிறது, மீதி வெட்டுப்பட்டுவிட்டது என்று புரிந்தது.

"மைக் படத்தத் தொட்டு எழுதுனவர் பேரச் சொல்லுங்க அத்தை. அவரு புக்கெல்லாம் வரிசையா வரும். கடைசியா இருக்கறதத் தொடுங்க."

"அதெப்படி சாமி நான் சொல்றது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த எழுத்தாளர் பெயரும் என் மாமனார் பெயரும் ஒன்று. அத்தை இதுவரை புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லை. சொன்னால் அவருக்கு ஆயுசு குறையுமாம். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வார். அந்தச் செயலியோ கோப்பின் முதல் சொல்லை வைத்துத்தான் தேடும். நான் தலைப்பை முதலில் வைத்துத் தொலைத்திருந்தால் ஒரு வம்பும் இல்லை.

"மாமாவச் சொல்லச் சொல்லுங்க."

பின்னாலிருந்து மாமாவின் குரல் கேட்டது. "நான் எதுக்குச் சொல்றேன்? அவளுக்குத்தான வேணும், அவளே சொல்லட்டும்."

"சரி, ஸ்பீக்கர்ல போட்டு டேப்லெட்டுகிட்ட வைங்க, நான் சொல்றேன்" என்று, கல்யாண மண்டபத்தில் நின்று மாமனார் பெயரை அடித் தொண்டையில் கத்தினேன். நேரம் பார்த்துக் கெட்டிமேளம் கொட்டினார்கள். டேப்லெட் மேளத்தைத் தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்றது. என் கணவரின் சித்தி மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஏனுங்க மாமா, வெளையாடற நேரமா இது? அத்தை பயந்து போய்க் கெடக்கறாங்க!"

மாமா போனுக்கு அருகில் வந்தார். "எனக்கும் பயமாத்தான் இருக்குது சாமி. அதான் ஒருக்கா எம்பட பேர அவ வாயால கேட்டறலாம்னு பாத்தேன்."

"சரி, இங்க குடு, நானே சொல்றேன்" என்று அத்தையிடம் சொன்னார் மாமா.

"ஒண்ணும் வேண்டாம்" என்றார் அத்தை. "ஆயுசு கொறஞ்சா என்னையக் குத்தஞ் சொல்லாதீங்க." பிறகு அந்தப் பெயரை நிறுத்தி நிதானமாக, டேப்லெட்டுக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

"ஏனுங்க?" என்றார் மாமா.

"ஒங்களக் கூப்பிடல. புக்கு வந்துருச்சு, அக்கட்டால போங்க."

நாவலை அன்று சாயங்காலமே முடித்துவிட்டார். அந்தப் பெண் வீடு திரும்பிவிட்டாளாம். ஆபரேசனும் நல்லபடியாக முடிந்தது. நான் போய்த் தலைப்பு முதலில் வரும்படி டெம்ப்ளேட்டை மாற்ற உட்கார்ந்தேன். மாமா என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப்போய், "அது அப்பிடியே இருக்கட்டும் சாமி" என்றார். தப்பான டெம்ப்ளேட்டைப் பார்த்தும் பேசாமல் விட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

படிக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு அத்தை கறுப்புக் கண்ணாடியோடு என்னிடம் வந்தார். இப்போது சின்ன எழுத்தும் தெரிகிறது, மைக்கே தேவையில்லை.

"அதே ஆளு எழுதுனது இன்னும் இருந்தா ஏத்தியுடு சாமி" என்றார். "மைக்குலயே தேடிக்கறேன்."