சித்தி போட்ட இரண்டு ஃபியூஸ்

டிராக்டரின் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து, சித்தி முதலில் மோந்து பார்த்தார். எந்த வண்டி வந்தாலும் அப்படித்தான். டெஸ்டர், மீட்டர் எல்லாம் மூக்குக்கு அப்புறம்தான்.

"கருகின வாடை வருதுண்ணே. என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

சித்திக்கு வயது நாற்பத்திரண்டு. ஐம்பத்தைந்து வயது டிராக்டர்காரரும் ஊரோடு சேர்ந்து அவரைச் சித்தி என்பார். பதிலுக்கு இவர் அவரை அண்ணே என்பார். உறவுமுறை கேட்டால் தலை சுற்றும்.

இந்த வண்டி ஒயரிங் கடையைத் தொடங்கியவர் சித்தியின் வீட்டுக்காரர். சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாத கண் அவருக்கு. ஒயரிங் வேலைக்கு இதைவிட வேறு வினை வேண்டாம். பக்கத்தில் நின்று நிறம் சொல்ல வந்த சித்தி, ஒரே வருடத்தில் அவர் கையிலிருந்த கட்டிங் பிளேயரையும் வாங்கிக்கொண்டார். இப்போது வீட்டுக்காரர் பேட்டரிக்குச் சார்ஜ் போடுவதோடு சரி. டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி இடது கையில் வரிசையாக ஒட்டிக்கொள்வது சித்தியின் வழக்கம். மிச்சத்தோடு அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார். சாப்பிட உட்காரும்போது வீட்டுக்காரர்தான் பார்த்து உரித்துவிடுவார்.

டிராக்டர்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "ஹெட்லைட் ஒயரை முறுக்கி விடு சித்தி, போதும். மழைக்கு முன்னாடி உழுதாகணும்."

"முறுக்கறதுக்கு இது என்ன மீசையா?"

ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் சாக்லேட் சுற்றி வரும் வெள்ளித்தாள் உருட்டி வைக்கப்பட்டிருந்தது. "மூணு மாசமா ஒரு தடவைகூட போகல!" என்றார் டிராக்டர்காரர் பெருமையாக.

"அது போகாதுண்ணே. அதுக்குப் பதிலா நீங்க போயிருப்பீங்க."

டார்ச் அடித்துக் காட்டினார். டீசல் குழாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், தோல் உருகிய ஒயரில் செம்பு பல்லிளித்தது. டிராக்டர்காரர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து மட்கார்டைப் பார்த்தார்.

"நேத்து என் பொண்ணு இதுலதான் உக்காந்து வந்தா," என்றார் மெல்ல. அதற்கப்புறம் மழையைப் பற்றிப் பேச்சே இல்லை.

பழைய ஒயரைச் சித்தி மொத்தமாக உருவி எறிந்தார். பேட்டரியை ஒட்டியே விளக்குக்கு ஒன்றாக இரண்டு ஃபியூஸ் வைத்தார். ரப்பர் குழாய்க்குள் நுழைந்த புது ஒயர், டீசல் பக்கம் தலைவைத்தும் படுக்காமல் சுற்றிப் போனது. எர்த் போல்ட்டின் துருவை உப்புத்தாளால் பளபளவென்று ஆகும்வரை தேய்த்தார்.

இரண்டு விளக்கும் எரிந்தன. டிராக்டர்காரர் ஏறப் போனார்.

"இருங்கண்ணே." இடது விளக்கின் ஒயரைக் கழற்றி, சித்தி வேண்டுமென்றே இரும்பில் தொட்டார். சிறு பொறி பறந்தது. டிராக்டர்காரர் துள்ளிப் பின்வாங்கினார். ஃபியூஸ் போயிருந்தது. ஒயர் சூடேறவில்லை. வலது விளக்கு தன் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

"பாத்தீங்களா? செத்தது ஃபியூஸ். ஒத்தக் கண்ணோடயாவது நீங்க வீடு போய்ச் சேருவீங்க."

வேறு ஃபியூஸ் செருகி, ஒயரை மாட்டி, உபரியாக நான்கை அவர் சட்டைப்பையில் போட்டு அனுப்பினார்.

உச்சிவெயில். தெருவில் இறங்கிய டிராக்டர்காரர் வண்டியைக் கடைப் பக்கம் திருப்பி, இரண்டு விளக்கையும் போட்டுக் காட்டினார். அந்த வெயிலில் எரிகிறதா என்றே தெரியவில்லை. சித்தி கண் கூசினாற்போல் முகத்தைச் சுளித்து, உள்ளங்கையை நெற்றிக்கு மேல் குடையாகப் பிடித்துக்கொண்டார்.