கதவுப் பக்கம் திரும்பிய இடுப்பு

1

கிளினிக் திறந்த முதல் நாளே என் மேசை ஒரு நோயாளியை விரட்டிவிட்டது.

எல்லார் கையிலும் செல்போன் வந்திராத இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. பிசியோதெரபி படித்து, பெங்களூரில் ஒரு கைரோபிராக்டரிடம் இரண்டு வருடம் தொழில் பழகிவிட்டு விருதுநகர் திரும்பியிருந்தேன். கத்தி கிடையாது, ஊசி கிடையாது. முதுகைக் கையால் மெதுவாக அழுத்தி, இழுத்து, அசைவு கொடுப்பதுதான் என் வேலை. அதற்காக ஆசையாக ஒரு டிராப் டேபிள் வாங்கியிருந்தேன். லேசாக அழுத்தினால் அதன் நடுப்பலகை ஓர் அங்குலம் கீழே இறங்கும். நோகாது. ஆனால் 'டப்' என்று சத்தம் வரும்.

முதல் நோயாளி முத்துமாரி. விஸ்வநத்தத்துக்காரர், நாற்பது வயது, பட்டாசு கம்பெனியில் திரி செருகும் வேலை. வலது இடுப்பிலிருந்து கணுக்கால் வரை சுண்டி இழுக்கும் சயாட்டிகா. கால் முதலில் வெளியே வந்து பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விடும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. அப்படி ஒருவரிடம் மூன்று முறை மிதி வாங்கி, வலியை இரட்டிப்பாக்கிக்கொண்டு வந்திருந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்துவிட்டு, ஆறு வாரத்தில் குறையாவிட்டால் ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்கள்.

பாதத்தில் பலம் இருக்கிறதா, மரத்துப்போகிறதா, சிறுநீர் போவதில் சிக்கல் உண்டா என்றெல்லாம் பார்த்தேன். ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லை. குப்புறப் படுக்கவைத்து அழுத்தினேன். டப்!

கண் மூடித் திறப்பதற்குள் முத்துமாரி வாசலில் நின்றார். நொண்டிக்கொண்டுதான், ஆனால் தெருவில் நின்றார்.

"ஆத்தாடி! என்னம்மா வெடிச்சுது?"

"ஒண்ணும் வெடிக்கலைக்கா, மேசைச் சத்தம். வந்து படுங்க."

"நீங்க வேணா படுங்க!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் சிரிப்புக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

2

இனி அந்தச் சத்தம் வராது என்று வாக்குக் கொடுத்துத்தான் முத்துமாரியை மறுபடி உள்ளே வரவைத்தேன். அதற்குப் பிறகு சத்தமே இல்லாத முறைக்கு மாறினேன். மேசையின் கால்பகுதியை மெல்லத் தாழ்த்தி, இடுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துவிடுவது. ஞாயிற்றுக்கிழமை சிகிச்சை முடிந்து நிமிர்ந்து நடந்து போவார். புதன்கிழமை மறுபடி கோணிக்கொண்டு வருவார். மூன்று வாரம் இதே கதை. எனக்குக் கோபம் மூக்கு மேல் நிற்கும்.

"அக்கா, வீட்டுல மூட்டை தூக்குறீகளா? சொன்ன பேச்சு கேக்காட்டி ஆபரேஷன்தான். பிறகு என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

அவர் கண் கலங்கிவிட்டது.

"வலி கெடக்கட்டும்மா, பொறுத்துக்கிருவேன். திரி செருகுற ரூம்ல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா நான் ஓடணும்ல? இந்தக் காலை வச்சுக்கிட்டு எப்படி ஓடுவேன்?"

அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. "வேலையில எப்படி உக்காருவீக? இங்கன காட்டுங்க" என்றேன்.

தரையில் உட்கார்ந்தார். கையும் முகமும் முன்னால் வேலையைப் பார்த்தன. இடுப்பு மட்டும் வலப்பக்கமாகத் திரும்பி, பின்னால் இருக்கும் கதவைப் பார்த்து எழுந்திருக்கத் தயாராக இருந்தது.

"பக்கத்து ரூம்ல ஒருக்கா பத்திக்கிட்டதுல இருந்து இப்படித்தேன். பதினோரு வருசமாச்சு."

ஒரு நாள் முழுக்க அவர் முறுக்குவதை நான் அரை மணி நேரத்தில் நேராக்கப் பார்த்திருக்கிறேன். நேராக உட்காருங்கள் என்று சொல்லியும் பயனில்லை. அந்த முறுக்கில்தான் அவர் உயிர் இருந்தது.

மறுநாளே கம்பெனிக்குப் போனேன். வெளியாட்களை ரூம் பக்கம் விடமாட்டார்கள். கேட்டிலேயே போர்மேனைப் பிடித்தேன்.

"ஏம்மா, சீசன் நேரத்துல ஆர்டர் மலை மாதிரி கெடக்கு. உக்கார்ற எடத்துக்கெல்லாமா டாக்டரு வருவாக?"

"அவுக முகம் கதவைப் பாத்து இருக்கணும். அரை மணிக்கு ஒருக்கா எந்திரிச்சு நிக்கணும். வேற எதுவும் கேக்கல."

தலையைச் சொறிந்தார். "அம்புட்டுத்தானா?" என்று உள்ளே போனார். விரிப்பை இடம் மாற்றிப் போட ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

3

அடுத்த புதன்கிழமை முத்துமாரி கோணாமல் வந்தார். அதற்கடுத்த புதனும். ஆறாவது வாரம் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு ஆபரேஷன் தேவையில்லை என்று சொல்லிவிட்டார். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவுக்கே மிக்சர் வாங்கிக் கொடுத்தேன்.

ஆனால் உண்மையான ரிசல்ட் தீபாவளிக்கு முந்தி வந்தது. ஒரு நாள் மதியம், முறை இல்லாத நாளில், காலில் செருப்புகூட இல்லாமல் முத்துமாரி வந்து நின்றார். வாசலுக்கு ஓடினேன்.

"காலையில வெடிமருந்து காயப்போட்ட மேடையில பத்திருச்சும்மா. பயப்படாதீக, ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. அம்புட்டு பேரும் ஓடுனோம். கேட்டுக்கு வெளிய மொதல்ல போயி நின்னது யாருன்னு நெனைக்கீக?"

நான் அழுதுகொண்டிருந்தேன்.

"நாந்தேன்!" என்றார், நெஞ்சில் தட்டி.

டிராப் டேபிள் இன்றும் என்னிடம் இருக்கிறது. அழுத்துவதற்கு முன்னால் "இப்பச் சத்தம் வரும்" என்று சொல்லிவிடுகிறேன். புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கும் நான் சொல்வது இதுதான்: ஸ்கேனைப் பாருங்கள், பலத்தைச் சோதியுங்கள். பிறகு வேலையில் எப்படி உட்காருகிறார் என்று காட்டச் சொல்லுங்கள். ஏன் அப்படி உட்காருகிறார் என்றும் கேளுங்கள். அதன்பிறகு கை வையுங்கள்.