கொடிக்கம்பம் அடித்த முளை

எங்கள் அப்பாவுக்கு ஊர் வைத்த பெயர் கொடிக்கம்பம். ஆள் நெட்டை, ஒல்லி, போதாததற்குப் பிழைப்பும் அதுதான். சாலைக்கு அளவெடுக்கும்போது சிவப்பும் வெள்ளையும் பூசிய கம்பைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பார். வீட்டுக்கு வந்தாலும் உட்காரச் சொன்னால்தான் உட்காருவார் என்று அம்மா கேலி செய்வாள்.

அந்த வேலை எப்படி என்று சொல்லிவிடுகிறேன். அளவெடுக்கும் வெள்ளைக்காரத் துரை ஒரு கோடியில், மூன்று கால் வைத்த தூரக்கண்ணாடிக்குப் பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிக்கொள்வார். அப்பா மறுகோடியில் கம்போடு நிற்பார். துரை இடது கையை நீட்டினால் அப்பா அந்தப் பக்கம் நகர வேண்டும், வலது கையை நீட்டினால் இந்தப் பக்கம். இரண்டு கையும் கீழே இறங்கினால் அதுதான் இடம். அங்கே ஒரு மர முளையை அடித்து இறக்க வேண்டும். சாலை அந்த முளை வழியாகப் போகும். அப்பா தன் இஷ்டத்துக்கு ஒரு முளைகூட அடித்தது கிடையாது.

பார்க்கிறவர்களுக்கு இது எங்கே தெரிகிறது? துரை எங்கோ தூரத்தில் தொப்பியளவு தெரிவார். கண்ணெதிரே இருப்பது அப்பா. ஓரடி நகர்வார், நிற்பார், ஏதோ யோசிக்கிற மாதிரி இருக்கும், இன்னும் ஓரடி நகர்ந்து குனிந்து அடிப்பார். இந்த மனுஷன்தான் இடம் பார்க்கிறான் என்று தெருத்தெருவாக முடிவு கட்டிவிட்டார்கள். துறைமுகத்திலிருந்து ரயில் நிலையத்துக்கு நேராக ஒரு அகலச் சாலை வருகிறது என்று தெரிந்ததும் வாழைத்தாரும் கோழியுமாக எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். அப்பா எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினார். தன் கையில் ஒன்றும் இல்லை என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டார். ஆள் பெரிய இடம், கோழிக்கெல்லாம் மசிய மாட்டான் என்று பேசிக்கொண்டு போனார்கள்.

அப்பாவின் அக்கா, என் அத்தை, அந்தச் சாலை வரும் வழியில்தான் இருந்தாள். மாமா போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை கிடையாது. அவர் விட்டுப்போன வீடுதான் அவளுக்கு எல்லாம். முன்னால் ஒரு அறை, நடுவில் முற்றம், முற்றத்தின் ஓரமாகச் சமையல். ஊரெல்லாம் பயந்துகொண்டிருந்தபோது அவள் மட்டும் நிம்மதியாகத் தூங்கினாள். தம்பி இருக்கும்போது தன் வீட்டுக்கு என்ன வந்துவிடும் என்று அக்கம்பக்கத்தில் பெருமை வேறு.

நான் அப்போது பால்குடி. இதெல்லாம் அப்பாவும் அத்தையும் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம் ஆனது.

அளவுக்காரர்கள் அவள் தெருவுக்கு வந்த அன்று அத்தையே முன்கதவையும் பின்கதவையும் அகலத் திறந்து வைத்தாள். தம்பி வருகிறானே. அந்தத் திறந்த கதவு வழியாகத் துரையின் பார்வை நேராக வீட்டுக்குள் வந்துவிட்டது. அப்பா கம்போடு முற்றத்தில் நின்றார். பக்கத்துச் சுவரை ஒட்டி, எவ்வளவு ஒதுங்க முடியுமோ அவ்வளவு ஒதுங்கி நின்றார். ஓரடி ஈரடி தள்ளினாலும் அந்த அகலச் சாலைக்கு வீடு தப்பாது என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. தெருக்கோடியில் துரையின் கை நீண்டது. அப்பா பார்க்காதது மாதிரி இருந்தார். கை நீண்டபடியே இருந்தது. பிறகு துரை தொப்பியைக் கழற்றி ஆட்டினார். மேஸ்திரி வாசலுக்கு ஓடி வந்து, கண் அவிந்துவிட்டதா என்று பல்லைக் கடித்தார். அப்பா அரையடி நகர்ந்தார். நின்றார். இன்னும் அரையடி.

அத்தை அடுப்பில் டீ போட்டுக்கொண்டே திரும்பிப் பார்த்திருக்கிறாள். "என்னடா தேடுற?" என்று கேட்டாள்.

"நிக்கிற இடத்தைத்தான்க்கா."

அதைவிட ஒரு அசட்டுப் பதிலை அவர் தேடினாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. துரையின் கை இறங்கியது. அப்பா முற்றத்தின் நட்டநடுவில் முளையை அடித்தார். அத்தை கொடுத்த டீயை வாங்கிக் குடித்தார். வேண்டாமென்று சொல்லக்கூட வாய் வரவில்லை என்பது அவர் கட்சி. அடிச்சதும் அடிச்சான், டீயையும் குடிச்சிட்டுத்தான் போனான் என்பது அத்தையின் கட்சி.

அத்தோடு போயிருந்தாலாவது காலப்போக்கில் ஆறியிருக்கும். ரயில் நிலையத்துக்குக் கிட்டே ஒரு பெரிய வியாபாரியின் கிடங்கு இருந்தது. மேலிடத்தில் யார் யாரிடம் பேசினார்களோ, அந்த இடத்தில் கோடு வளைந்தது. அடித்த முளைகளைப் பிடுங்கித் தள்ளி அடிக்கச் சொன்னார்கள். பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, பிடுங்கியவரும் அப்பாதான், தள்ளி அடித்தவரும் அப்பாதான். சேதி அன்றைக்கே அத்தையிடம் போய்விட்டது.

வீட்டை இடித்ததும் அவள் வேறெங்கே போவாள்? ஒரு டிரங்குப் பெட்டியோடும் அம்மிக்கல்லோடும் எங்கள் வீட்டுக்கே வந்தாள். என்னை வளர்த்ததில் பாதி அவள்தான். அப்பாவுக்கு மீனில் முள் எடுத்துப் போடுவாள், சட்டைக்குப் பொத்தான் தைப்பாள், காய்ச்சல் வந்தால் பக்கத்தை விட்டு நகர மாட்டாள். ஆனால் எந்தப் பேச்சை எடுத்தாலும் கடைசியில் அந்த முளையில் வந்துதான் நிற்கும். குழம்பில் உப்பு கூடிப்போனால்கூட, என் முற்றத்தில் வைத்திருந்தால் கூடியிருக்குமா என்பாள். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த காலத்தில், ஒருநாள் பொறுக்க மாட்டாமல் ஒட்டடைக்கம்பை அப்பா கையில் கொடுத்துச் சந்தின் கோடியில் நிறுத்தினேன். அத்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து, நான் துரையாகிக் கையை நீட்டிக் காட்டினேன். பாவம், அந்த வயதிலும் அவர் என் கைக்கு அச்சுப்பிசகாமல் நகர்ந்தார். இப்போதாவது புரிகிறதா, அவர் என்ன செய்வார் என்று கேட்டேன்.

அத்தை நிதானமாகச் சொன்னாள். "கை நீ காட்டுற, சரி. கால் அவனோடதுதானே?"

நான் அப்பாவிடமிருந்து கம்பை வாங்கி உள்ளே வைத்தேன்.

போன மழைக்காலத்தில் அத்தை படுத்தாள். வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, கேட்டதைக் கொடுங்கள் என்று மட்டும் சொல்லிப் போனார். மத்தியான நேரம். அப்பா கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அத்தை கண்ணைத் திறந்து அவரை உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தார்.

"இப்பவாவது உள்ளதைச் சொல்லுடா. தள்ளி அடிச்சிருக்கலாம்ல?"

நான் வாசற்படியில் நின்றேன். இல்லை என்றுதான் சொல்வார், எத்தனை வருஷமாகச் சொல்கிறார். அப்பா அவள் கையைப் பார்த்தார்.

"அடிச்சிருக்கலாம்க்கா. நான்தான் அடிக்கல."

அத்தையின் முகம் தெளிந்துவிட்டது. அப்பா சொன்னது பொய்யென்று எனக்குத் தெரியும். "எனக்குத் தெரியுமே," என்றாள். "சரி, விடு. சாப்டியா?" பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். அடுத்த நாள் விடியும்போது இல்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அப்பாவைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்ச் சண்டை பிடித்தேன். செய்யாததைச் செய்ததாக ஏன் ஒத்துக்கொண்டீர்கள், இனி யார் கேட்டாலும் அதுதானே நிற்கும் என்றேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவளும் எத்தனை வருஷமா கையைக் காட்டிக்கிட்டே இருந்தாம்மா," என்றார். "அவ காட்டின இடத்துல போய் நின்னேன். கை இறங்கிடுச்சு."