பர்ச்சேஸ் ஆபீசரிடம் தோற்கக் கற்றுக்கொண்ட கதை

லேத் பட்டறை நடத்துகிறவனுக்குச் சாமிகள் எத்தனை இருந்தாலும் ஆர்டர் கொடுக்கிற பர்ச்சேஸ் ஆபீசர் ஒருவர்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் தகரக் கூரைக்குக் கீழே இரும்புத் தூளைச் சுவாசித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்கள் நம்பிக்கொள்ளுங்கள். எண்பதுகளின் கடைசியில் எனக்கு இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஏழு ஆட்கள். அத்தனை பேருக்கும் சோறு போட்டது ஒரே ஒரு பெரிய கம்பெனிக்கு நாங்கள் கடைந்து கொடுத்த புஷ் என்கிற, நடுவில் துளையுள்ள சின்ன இரும்பு உருளை. நாற்பத்திரண்டு வயதில் நான் ஷட்டில் ராக்கெட்டைக் கையில் எடுத்ததும் அந்தப் புஷ்ஷுக்காகத்தான். சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு அதில் சில பாடங்கள் உண்டு. எனக்கு அவை தாமதமாகத்தான் புரிந்தன.

காற்றை அடித்தது

கம்பெனியின் பர்ச்சேஸ் ஆபீசர் தினமும் காலை ஆறு மணிக்கு ஆவடிப் பக்கம் ஒரு கிளப்பில் ஷட்டில் ஆடுகிறார் என்ற செய்தி எஸ்டேட்டில் பரவியது. ஒரே மாதத்தில், அவருக்குச் சரக்கு போடுகிற நாலு பட்டறைக்காரர்களுக்கு உடம்பைக் கவனிக்க வேண்டும் என்ற ஞானம் வந்துவிட்டது. அதில் நானும் ஒருவன். டாக்டர் சொன்னார் என்று வீட்டில் ஒரு பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

எங்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர் டேனியல், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். முதல் அரை மணி நேரம் நான் காற்றைத்தான் அடித்தேன். ஷட்டில் வலையைத் தாண்டுவதற்குள் என் ராக்கெட் சுழன்று முடிந்துவிடும். சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். டேனியல் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "வரட்டும் சார். அது உங்ககிட்டதான் வருது, வேற எங்கயும் போவாது."

பதினைந்துக்குப் பன்னிரண்டு

ஆறு மாதத்தில் சுமாராக ஆட வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் கஷ்டமான பயிற்சி ஆரம்பித்தது: ஆபீசரிடம் தோற்பது. தோற்பது சுலபம் என்று நினைக்கிறவர்கள் தோற்றுப் பார்த்ததில்லை. பதினைந்துக்கு மூன்று என்று தோற்றால் அவருக்கு ருசிக்காது. பதினைந்துக்குப் பன்னிரண்டு வரைக்கும் கொண்டுபோய், மூச்சு வாங்கி, நெற்றியைத் துடைத்து, கடைசி ஷட்டிலை வலையில் அடித்துவிட்டு "அடடா" என்று சொல்ல வேண்டும். நாங்கள் நாலு பேரும் இதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே கற்றுக்கொண்டோம்.

எங்கள் நாலு பேரில் முலாம் பூசும் பட்டறை வைத்திருந்த கஜேந்திரனுக்கு ஒருநாள் கை கேட்கவில்லை. நல்ல உயரத்தில் வந்த ஷட்டிலை, தன்னை மறந்து, ஆபீசரின் காலடியில் அறைந்துவிட்டான். ஆட்டம் முடிந்துபோனது. ஆபீசர் கைகொடுத்துவிட்டுப் போனார். கஜேந்திரன் சைக்கிள் ஸ்டாண்டுக்கு அருகில் வந்து உட்கார்ந்தான். "ஜெயிச்சுட்டேன் மாமே," என்றான். "இன்னா ஆவப் போவுதுன்னே தெரில."

மூலையில் நின்றவன்

ஒவ்வொரு அடிக்குப் பிறகும் கோர்ட்டின் நடுவுக்கு வந்துவிட வேண்டும் என்பார் டேனியல். அங்கே நின்றால்தான் நாலு பக்கமும் போக முடியும். நான் மூலையிலிருந்து ஒரு நல்ல அடி அடித்துவிட்டு, அது பறந்து போகிற அழகை அங்கேயே நின்று ரசிப்பேன். பட்டறையிலும் அதே வழக்கம்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

அந்தச் சமயத்தில் பூந்தமல்லியிலிருந்து ஒருவர் தண்ணீர் பம்ப் சாமானுக்கு டிராயிங் எடுத்துக்கொண்டு வந்தார். சின்ன ஆர்டர், ஆனால் மாதாமாதம் வரும் என்றார். பெரிய கம்பெனி வேலைக்கே லேத் போதவில்லை என்று சொல்லி, உட்காரக்கூடச் சொல்லாமல் அனுப்பிவிட்டேன். பதினாலு வருஷமாக என்னிடம் லேத் ஓட்டிய ஆரோக்கியசாமி கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அவுரும் வேலதான மொதலாளி குட்க்க வந்தாரு?"

குதிகால்

இப்படித் தோற்றே ஒரு வருஷம் ஆனது. ஒருநாள் காலை பின்பக்கம் போன ஷட்டிலுக்குத் தாவினேன். யாரோ பின்னாலிருந்து குதிகாலில் உதைத்தது போல இருந்தது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. குதிகால் நரம்பு அறுந்துவிட்டது என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உடம்பைச் சூடாக்காமல் நேராக ஆட இறங்குகிற நடுவயதுக்காரர்களுக்கு வருவதாம்.

நான் சிமெண்ட் தரையில் கிடந்தேன். டேனியல் ஆட்டோவுக்கு ஓடினார். கஜேந்திரன் என் தலையைத் தூக்கிப் பிடித்திருந்தான். வலைக்கு அந்தப் பக்கம் நின்ற ஆபீசர் சிறிது நேரம் பார்த்தார். பிறகு என் இடத்துக்கு வந்த இன்னொரு பட்டறைக்காரரிடம் கேட்டார்: "சர்வீஸ் இப்ப யாருது?"

பீரோ சாவி

புஷ்ஷின் துளை சரியா என்று பார்க்க ஒரு கேஜ் உண்டு. அதன் ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. யாரோ ஒருமுறை கீழே போட்டார்கள் என்று, அதை என் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். சரக்கு வெளியே போகும்முன் நான்தான் அளப்பேன். முதலாளி என்றால் அதுதான் என்று எனக்கு ஒரு நினைப்பு.

மாவுக்கட்டோடு ஐயப்பன்தாங்கல் வீட்டில் கிடந்தபோது ஆரோக்கியசாமி இரண்டு பஸ் மாறி வந்தார். லேத்தில் சுழல்கிற தண்டு, ஸ்பிண்டில், ஆடுகிறது, துளை லூசாக விழுகிறது போலக் கைக்குத் தெரிகிறது, சாவி கொடுத்தால் அளந்து பார்த்துவிடுகிறேன் என்றார். நான் கொடுக்கவில்லை. ஒரு வருஷம் விடியற்காலையில் எழுந்து தோற்றவனுக்கு ஒரு லாட்டு சரக்கு கூடவா பாஸ் ஆகாது என்று நினைத்தேன். ஆபீசரிடம் நான் பேசிக்கொள்கிறேன், அனுப்பு என்றேன். அவர் வாசல்வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை கேட்டார். அப்போதும் கொடுக்கவில்லை.

துளை லூஸ் என்று லாட்டு மொத்தமும் திரும்பி வந்தது. ஊன்றுகோலோடு ஆபீசர் முன்னால் போய் நின்றேன். கிளப், கோர்ட், பழக்கம் என்று ஏதேதோ உளறினேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "வருஷம் பூரா வேணும்னே தோத்தீங்க. எனக்குத் தெரியாதா? ஆட்டத்துல பொய் சொல்றவர் சரக்குல மட்டும் நெஜம் சொல்வாருன்னு எப்படி சார் நம்பறது? அதான் இந்தத் தடவை ஒவ்வொண்ணா அளக்கச் சொன்னேன்."

வானகரத்தில் ஒரு கேட்

அதோடு ஆர்டர் நின்றது. பூந்தமல்லிக்காரரைத் தேடிப் போனேன். அவர் அதற்குள் வேறு பட்டறையைப் பிடித்திருந்தார். நாலு மாதத்தில் ஷட்டரை இறக்கினேன். ஆறு பேர் எப்படியோ எஸ்டேட்டிலேயே தொற்றிக்கொண்டார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஆரோக்கியசாமியை யாரும் எடுக்கவில்லை. அவர் என்ன ஆனார் என்று விசாரிக்க எனக்குத் தைரியம் இல்லை.

சில வருஷம் கழித்து, ஒரு உறவினர் வீட்டுக்காக வானகரத்தில் ஒரு புது அடுக்குமாடிக்குப் போனேன். கேட்டில் காக்கிச் சட்டையில் எழுந்து சல்யூட் அடித்தவர் ஆரோக்கியசாமி. யார் வந்தாலும் அடிக்க வேண்டும் என்பது அங்கே உத்தரவாம். கால் எப்படி இருக்கிறது என்று அவர்தான் முதலில் விசாரித்தார். பிறகு, பல நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்பது போல, கோபமே இல்லாமல் கேட்டார்: "பதினாலு வருஷம் லேத்த நம்பிக் குட்த்துட்டு, சாவியக் குட்க்க இன்னா மொதலாளி பயம்?"

கால் ஆறியதும் மறுபடி ராக்கெட்டை எடுத்தேன்; இப்போது நான் ஜெயிப்பதற்காகத்தான் ஆடுகிறேன். தோற்றுக் காப்பாற்ற என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.