மைசூர் ஜெயிலில் போட்ட வீட்டு பிளான்

மைசூர் அரண்மனையைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அங்கே ஜெயிலில் இருப்பவர்களை மனு போட்டுப் பார்க்கப் போகிறவர்களுக்கு வழி சொல்லத்தான் ஒருவருமில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், சந்தனமரக் கடத்தல்காரனுக்கு உதவினார்கள் என்ற சந்தேகத்தின் பேரில் காட்டோர ஊர்களில் போலீஸ்காரர்கள் ஆட்களை அள்ளிக்கொண்டு போனார்கள். என் அக்கா புருஷனும் ஒருவர். விசாரணையே தொடங்காமல் மூன்றாவது வருஷம் ஓடியது. ஜாமீன் மனுவும் தள்ளுபடி. அதை அவரிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. "என்னால முடியாது, நீயே சொல்லிரு" என்று அக்கா மகளோடு எங்கள் ஊர் ஹனூரிலேயே நின்றுவிட்டாள்.

கொள்ளேகால் போய் பஸ் மாற வேண்டும்; அங்கிருந்து மைசூர் அறுபது கிலோமீட்டர். இரண்டு மணி நேரம் என்பார்கள், நம்பாதீர்கள். நரசீபுரத்தில் டிரைவர் டீ குடித்த நேரத்தில் நான் ஒரு சுவரே எழுப்பியிருப்பேன். மைசூரில் ஆட்டோக்காரர், "லேட் ஆயித்து சார், க்யூ பெரிசா நிக்கும்" என்றார். நின்றது. கொண்டுபோன எள்ளுருண்டையை வாசல் காவலர் ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தார்.

இரட்டைக் கம்பி வலை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எல்லோரும் கத்துகிறார்கள். மாமா கேட்ட முதல் கேள்வி: "மாப்ளே, சமையக்கட்டு சன்னலக் கெழக்கால மாத்தச் சொன்னனே, மாத்துனயா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடே கிடையாதுங்க! அக்கா பேரில் முள் முளைத்த காலி மனை மட்டும்தான். நான் கொத்தனார் என்பதால் போகும்போதெல்லாம் பிளானில் ஒரு திருத்தம் சொல்வார். போன தடவை மாடிப்படி. "அங்க பாறை இருக்குதுங்க மாமா, படி வராது" என்று நானும் மல்லுக்கு நின்றிருக்கிறேன்.

"சன்னல உடுங்க மாமா. ஜாமீனு..."

"தெரியும் மாப்ளே. நேத்தே சொல்லிட்டாங்க."

வலையைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்திருந்தன.

"அப்ப ரூம்பு ஒண்ணு சேத்திப் போட்டுரு. நான் வாரதுக்குள்ள பாப்பா பெருசாயிருவா. அவளுக்குத் தனியா வேணுமில்ல?"

அவர் எதைப் பிடித்துக்கொண்டு அங்கே உயிரோடு இருக்கிறார் என்பது இந்த மரமண்டைக்கு அன்றுதான் உறைத்தது. "என்ன அளவுங்க மாமா?" என்று கேட்டேன்.

போகிறவர்கள் விடிவதற்குள் கிளம்புங்கள். சோப்பை உறை பிரிக்காமல் கொண்டுபோங்கள். அழுகை வந்தால் திரும்பும்போது ஆட்டோவில் அழுதுகொள்ளலாம். உள்ளே இருப்பவர் சன்னலைப் பற்றிக் கேட்டால், "இப்ப அது எதுக்கு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அன்று மாமா எட்டடிக்கு எட்டடி போதும் என்றார். அவரை அடைத்திருந்த கொட்டடியின் அளவு அது. போதாது, பத்துக்குப் பன்னிரண்டுதான் போடுவேன் என்று நான் கத்திய கத்தலில் காவலரே திரும்பிப் பார்த்தார்.